அன்னா ஏன் சீலோவுக்குப் போகவில்லை? தாய்ப்பால் பற்றி ஒரு சிந்தனை



சாமுவேல் முதல் நூலில் வரும் அன்னாவை நாம் எல்லாரும் அறிவோம். பிள்ளையில்லாத வேதனையில் சீலோவில் ஆண்டவர் முன்னிலையில் அழுது மன்றாடியவர் அவர். உதடுகள் மட்டும் அசைவதைப் பார்த்து, குடித்திருக்கிறார் என்று குரு ஏலி நினைத்ததும், பின்பு சாமுவேல் பிறந்ததும், அந்தப் பிள்ளையை ஆண்டவருக்கே அவர் ஒப்புக்கொடுத்ததும் பல மறையுரைகளில் கேட்டவைதான். ஆனால் இந்த நிகழ்ச்சிகளுக்கு நடுவில் நாம் எளிதாகத் தாண்டிப் போய்விடும் மூன்று வசனங்கள் இருக்கின்றன (1 சாமுவேல் 1:21-23). எல்கானா ஆண்டுப் பலி செலுத்தக் குடும்பத்தோடு சீலோவுக்குப் புறப்படுகிறார். அன்னா போகவில்லை. பிள்ளை பால்குடி மறந்த பிறகுதான் வருவேன் என்று கணவரிடம் சொல்லிவிடுகிறார். எல்கானாவும் வற்புறுத்தவில்லை. மனைவிக்கு எது சரியென்று படுகிறதோ அதன்படியே செய்யட்டும் என்று விட்டுவிடுகிறார்.

எந்த ஆண்டவரிடம் கேட்டுப் பிள்ளையைப் பெற்றாரோ, அதே ஆண்டவரின் இல்லத்துக்குப் போவதைப் பால் கொடுப்பதற்காக ஒரு பெண் தள்ளிவைக்கிறார். அதுவும் ஒரு திருவிழாவை மட்டும் தவறவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. மக்கபேயர் இரண்டாம் நூலில் ஏழு புதல்வரின் தாய், தன் கடைசி மகனுக்கு மூன்று ஆண்டுகள் பாலூட்டியதை நினைவூட்டுகிறார் (2 மக்கபேயர் 7:27). அன்றைய வழக்கம் அப்படி. அன்னாவுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று விவிலியம் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

பிள்ளைக்குப் பால் கொடுப்பது தாயின் வேலை, அதில் மற்றவர்களுக்கு என்ன பங்கு என்று நாம் நினைக்கிறோம். அன்னாவால் வீட்டில் இருந்து பால் கொடுக்க முடிந்ததற்கு எல்கானாவும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகஸ்டு மாதம் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். 1990 ஆகஸ்டு 1ஆம் நாள் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வெளியான இன்னொசென்டி அறிக்கையின் நினைவாக 1992 முதல் இது கடைப்பிடிக்கப்படுகிறது. அறிக்கைக்கு அந்தப் பெயர் வந்தது, அது உருவான கட்டடத்தால். கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்ப்பதற்காக 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இல்லம் அது. ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் பெயரைத் தாங்கியது. அங்கே வந்து சேர்ந்த பச்சிளங் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கவென்றே செவிலித் தாய்மாரைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தார்கள். தாய்ப்பாலுக்கு மாற்று இல்லை என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த வாரத்தில் மருத்துவமனைகளில் தாய்மாருக்கு அறிவுரை சொல்வார்கள். அதைக் கேட்க வேண்டியவர்களில் பாதிப் பேர் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். மாமியார், அம்மா, கணவர், பிள்ளை பார்க்க வந்த சித்தி, பெரியம்மா. இக்கட்டுரை அவர்களுக்கும்தான்.

2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பேறுகளும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 60 பேர்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலை மட்டுமே குடித்து வளர்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 55 பேர். இந்திய அளவில் இது 64ஐ நெருங்குகிறது. படிப்பிலும் மருத்துவ வசதியிலும் முன்னே நிற்கிறோம் என்று பெருமைப்படும் நாம் இந்த ஒன்றில் நாட்டின் சராசரிக்கும் கீழே நிற்கிறோம்.

முதல் ஒரு மணி நேரம்

குழந்தை பிறந்ததும் முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, மிகக் கொஞ்சமாக இருக்கும். அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சி வெளியே கொட்டிய காலம் உண்டு. பார்ப்பதற்குக் கொஞ்சமாக இருப்பதால், “இது எப்படிப் பிள்ளைக்குப் போதும்?” என்ற கேள்வி இன்றும் எழுகிறது. முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு தடவைக்கு ஏற்றுக்கொள்வது ஒரு தேக்கரண்டி அளவுதான். அதற்கு ஏற்ற அளவில்தான் சீம்பாலும் சுரக்கிறது.

கருவில் இருந்தவரை குழந்தை ஒரு கிருமியையும் சந்தித்ததில்லை. வெளியே வந்த நொடியிலிருந்து கோடிக்கணக்கான கிருமிகள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. சீம்பாலில் ஐ.ஜி.ஏ. என்னும் நோய் எதிர்ப்புப் பொருள் மிக அதிகம். அது குழந்தையின் குடலின் உட்புறத்தில் ஒரு பூச்சுப் பூசியதுபோலப் படர்ந்து, கிருமிகள் உள்ளே நுழையாமல் தடுக்கிறது. வெள்ளையணுக்களும், வைட்டமின் ஏ சத்தும் அதில் நிறைய உண்டு. அதனால்தான் மருத்துவர்கள் இதைக் குழந்தையின் முதல் தடுப்பூசி என்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் ‘சேனை’ வருகிறது. நல்ல குணமுள்ள ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ பிள்ளையின் நாக்கில் தொட்டு வைத்தால் அவருடைய குணம் பிள்ளைக்கும் வரும் என்பது நம்பிக்கை. சில ஊர்களில் கழுதைப்பாலும் கொடுக்கிறார்கள். நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இந்த வழக்கம் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் பச்சிளங் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். சர்க்கரைத் தண்ணீரோடு கிருமியும் சேர்ந்து போகும், பிள்ளையின் பசியும் அடங்கிவிடும். பசி அடங்கிய பிள்ளை மார்பில் வாய்வைத்துச் சப்பாது. பெரியவர் ஒருவரின் ஆசி பிள்ளைக்கு வேண்டும் என்றால் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையலாமே. அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை.

அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்ற தாய்க்கு உடனே பால் வராது என்றும் சொல்கிறார்கள். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பேறுகள் சிசேரியன். அப்படியானால் இந்தப் பேச்சு ஏறக்குறைய பாதிக் குழந்தைகளைப் பாதிக்கிறது. தாய் கண்விழித்துப் பேசும் நிலைக்கு வந்ததுமே, படுத்தபடியோ ஒருக்களித்தபடியோ பால் கொடுக்க முடியும். அவரால் தூக்க முடியாது, பக்கத்தில் நின்று பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அவ்வளவுதான்.

“பால் பத்தவில்லை”

உலக நலவாழ்வு நிறுவனம் சொல்வது இதுதான்: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், ஆறு மாதத்துக்குப் பிறகு இணை உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால். ‘மட்டும்’ என்றால் தண்ணீர்கூட இல்லை. சித்திரை வெயிலிலுமா என்று கேட்பவர்கள் உண்டு. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். பிள்ளைக்குத் தாகமெடுத்தால் இன்னொரு முறை குடிக்கும். தாய்தான் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் டப்பா பால் நுழையும் வழி ஒரே ஒரு சொல்தான்: “பால் பத்தவில்லை.”

பிள்ளை அழுகிறது. பக்கத்தில் இருப்பவர், “உனக்குப் பால் இல்லை போலிருக்கிறதே” என்கிறார். இரவெல்லாம் விழித்துச் சோர்ந்துபோன இளம் தாயின் நெஞ்சில் அது தைக்கிறது. ஒரு புட்டிப் பால் வருகிறது. பிள்ளை வயிறு நிறைந்து நான்கு மணி நேரம் தூங்குகிறது. பார்த்தாயா, பசியில்தான் அழுதிருக்கிறது என்று எல்லாரும் நிம்மதியடைகிறார்கள். அந்த நான்கு மணி நேரமும் பிள்ளை மார்பில் சப்பவில்லை. சப்பாததால் உடலுக்குச் செய்தி போகவில்லை. மறுநாள் பால் உண்மையாகவே குறைகிறது.

இதன் இயக்கம் எளிது. பிள்ளை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து புரோலாக்டின் என்ற சுரப்பு வெளிவந்து அடுத்த வேளைக்கான பாலைத் தயாரிக்கச் சொல்கிறது. ஆக்சிடோசின் என்ற இன்னொரு சுரப்பு இருக்கும் பாலை வெளியே தள்ளுகிறது. பிள்ளை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு சுரக்கும். இரவில் புரோலாக்டின் அதிகம், ஆகவே இரவுப் பாலை நிறுத்தக் கூடாது. ஆக்சிடோசினோ தாயின் மனநிலையைப் பொறுத்தது. அச்சமும் கவலையும் வலியும் இருந்தால் பால் இறங்கத் தடுமாறும். பால் இல்லை என்று குத்திக்காட்டும் ஒரு பேச்சு, இருக்கிற பாலையும் தடுத்துவிடலாம் என்பது மிகைப்படுத்திச் சொல்வதல்ல.

பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுகையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. வெக்கை, ஈரத்துணி, வயிற்றுவலி, தூக்கக்கலக்கம் என்று பிள்ளை அழப் பல காரணங்கள் உண்டு. முதல் வாரம் கழிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ சிறுநீர் கழித்தால், எடை சீராக ஏறினால், பால் போதுகிறது என்று பொருள். பிறந்த முதல் சில நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால், அல்லது பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பூண்டு, கருப்பட்டி, உளுந்தங்களி, கடற்கரை ஊர்களில் பால்சுறாப் புட்டு என்று பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிப்போடும் நம் வழக்கம் நல்லது. அதில் சத்தும் உண்டு, ஒருவர் தனக்காக அடுப்படியில் நின்றார் என்ற ஆறுதலும் உண்டு. ‘பத்தியம்’ என்ற பெயரில் காயும் பழமும் மீனும் விலக்கி வைத்து, ரசம் சோறு மட்டும் போடுவதுதான் கூடாது.

பாலில் இருப்பவை பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தாய்ப்பாலில் ஏறத்தாழ 200 வகைச் சிறப்புச் சர்க்கரைகள் உள்ளன. குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. பிறகு எதற்கு? குழந்தையின் குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு உணவாக! பிள்ளைக்கு மட்டுமல்ல, பிள்ளையைக் காக்கும் காவலர்களுக்கும் சேர்த்துத்தான் தாய் பால் கொடுக்கிறாள். இன்னொன்று: வீட்டில் நடமாடும் ஒரு கிருமி தாயின் உடலுக்குள் போனால், அதே கிருமிக்கு எதிரான பாதுகாப்புப் பொருள் பாலில் வந்து சேர்கிறது. தாய்க்குச் சளி, காய்ச்சல் என்றால் பாலை நிறுத்தச் சொல்கிறோமே, அப்போதுதான் பிள்ளைக்கு அந்தப் பால் மிகவும் தேவை. கைகழுவி, முகக்கவசம் அணிந்து கொடுத்தால் போதும்.

லான்செட் மருத்துவ இதழ் 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, உலகெங்கும் தாய்ப்பால் கொடுப்பது பரவலானால் ஐந்து வயதுக்குட்பட்ட 8,23,000 குழந்தைகளின் சாவை ஆண்டுதோறும் தடுக்கலாம். வயிற்றுப்போக்கும் நிமோனியாவும்தான் இவற்றில் முக்கியமானவை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடல் அழுகிப்போகும் கொடிய நோயும் தாய்ப்பாலால் பெரிதும் குறைகிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இவ்வங்கிகள் உள்ளன. மிஞ்சிய பாலைத் தானமாகக் கொடுக்கலாம் என்பது நம் தாய்மார் பலருக்குத் தெரிவதில்லை.

தாய்ப்பாலில் எல்லாமே இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. வைட்டமின் டி சத்து அதில் குறைவு, அதற்கு மருத்துவர் சொட்டு மருந்து தருவார். ஆறு மாதத்துக்குப் பிறகு இரும்புச் சத்துக்கும் பால் மட்டும் போதாது. கூழும் பருப்பும் மசித்த காய்கறியும் முட்டையும் தொடங்கியாக வேண்டும்.

தாய்க்கும்

பிள்ளை சப்பும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையையும் சுருங்கச் செய்து, பேற்றுக்குப் பின் வரும் உதிரப்போக்கைக் குறைக்கிறது. பால் கொடுத்த தாய்மாருக்கு மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு குறைகிறது. எத்தனை மாதம் கொடுத்தார்களோ அந்த அளவுக்குப் பாதுகாப்பும் கூடுகிறது. அழகு குலையும் என்று அஞ்சுபவர்களுக்கு: உடல் மாறுவது கருவுற்றதால், பால் கொடுப்பதால் அல்ல.

திருமண முன்தயாரிப்பு வகுப்புகளில் இயற்கை முறைக் குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்கு இன்னொரு செய்தி. பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையாதிருந்து, இரவும் பகலும் தாய்ப்பாலை மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாதிருந்தால், அடுத்த கருத்தரிப்பு நிகழாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 98க்கு மேல் என்று 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் உறுதிப்படுத்தினார்கள். மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் இது பொருந்தாது.

பால் கொடுக்க முடியாத தாய்மாரும் உண்டு. சில புற்றுநோய் மருந்துகளை எடுப்பவர்கள், பாலின் சர்க்கரையை ஏற்க முடியாத அரிய பிறவிக் குறையுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள், எவ்வளவு முயன்றும் போதிய பால் சுரக்காதவர்கள். எச்.ஐ.வி. உள்ள தாய் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, மருத்துவரின் ஆலோசனைப்படி முடிவு செய்ய வேண்டும். பிள்ளையைத் தத்தெடுத்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களிடம் போய், “தாய்ப்பால் கொடுக்கவில்லையா?” என்று கேட்பது அன்பல்ல. மருத்துவர் சொன்ன முறையில் கரைத்துக் கொடுக்கும் பாலும் பிள்ளையை வளர்க்கும்.

திருச்சபையும் பாலூட்டும் தாயும்

உரோமையில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஒரு பழைய ஓவியம் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அது, அன்னை மரியாவின் மிகப் பழைய உருவங்களில் ஒன்று. முடியோ அரியணையோ இல்லை. பிள்ளையை மார்போடு அணைத்திருக்கும் தாய். பெத்லகேமில் பிறப்பிடப் பேராலயத்துக்குப் பக்கத்தில் பால் குகை என்ற சிற்றாலயம் உள்ளது. அன்னை இயேசுவுக்குப் பால் கொடுத்தபோது ஒரு துளி விழுந்து பாறை வெண்மையாயிற்று என்பது மரபு. கிறிஸ்தவப் பெண்களோடு இஸ்லாமியப் பெண்களும் அங்கு வந்து வேண்டுகிறார்கள்.

1941 அக்டோபரில் திருத்தந்தை 12ஆம் பயஸ், இயன்றவரை தாங்களே பிள்ளைகளுக்குப் பாலூட்டுமாறு தாய்மாரைக் கேட்டுக்கொண்டார். 1995 மே 12ஆம் நாள், தாய்ப்பால் பற்றி ஆராய வத்திக்கானில் கூடிய அறிவியலாளர்களிடம் புனித இரண்டாம் யோவான் பவுல் பேசும்போது அதை நினைவுகூர்ந்தார். தாய்க்குத் தேவையான நேரமும் தகவலும் ஆதரவும் சமுதாயம் தர வேண்டியவை என்பது அவ்வுரையில் அவர் வலியுறுத்திய கருத்து. 2014 சனவரியில், ஆண்டவரின் திருமுழுக்கு விழாவன்று சிஸ்டைன் சிற்றாலயத்தில் 32 குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்த மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், பிள்ளைகள் பசியில் அழுதால் தயங்காமல் அங்கேயே பால் கொடுக்கும்படி தாய்மாரிடம் சொன்னார். மைக்கேல் ஆஞ்சலோவின் ஓவியங்களுக்குக் கீழே, திருப்பலி நடுவில்!

1956இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே அப்போது புட்டிப்பால்தான் நாகரிகம். கத்தோலிக்கரின் கிறிஸ்தவக் குடும்ப இயக்கம் நடத்திய ஒரு சுற்றுலாவில் இரண்டு தாய்மார் மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தார்கள். மற்றப் பெண்கள் சுற்றி வந்து, எங்களுக்கு முடியவில்லையே, உங்களுக்கு மட்டும் எப்படி என்று கேட்டார்கள். அதிலிருந்து ஏழு கத்தோலிக்கத் தாய்மார் சேர்ந்து தொடங்கியதுதான் லா லெச்சே லீக். பாலூட்டும் அன்னை மரியாவின் பெயரால், புளோரிடாவில் உள்ள ஒரு திருத்தலத்திலிருந்து எடுத்த பெயர் அது. தாய் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த அமைப்பு இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. நம் அன்பியக் கூட்டத்துக்கு வருபவர்களை விட அந்த முதல் குழுவில் ஆள் குறைவு.

பங்கில் ஓர் இடம்

நம் நாட்டில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்யவும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கவும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதிக்கிறது. 2003இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. 2017இல் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. ஆனால் மீன் விற்கும் பெண்ணுக்கும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், பீடி சுற்றும் பெண்ணுக்கும் 26 வார விடுப்பை யார் கொடுப்பது? வேலைக்குப் போகுமுன் பாலைப் பீய்ச்சி, சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்வரை கெடாது, நம் ஊர் வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. புட்டி வேண்டாம், பாலாடையோ சங்கோ போதும். ஆனால் அதைப் பொறுமையாகப் புகட்ட வீட்டில் ஒருவர் வேண்டும்.

கோவிலுக்கு வருவோம். ஞாயிறு திருப்பலியில் பிள்ளை அழுதால் நாம் திரும்பிப் பார்க்கிறோம். அந்தப் பார்வை போதும், தாய் எழுந்து வெளியே போய்விடுகிறாள். படிக்கட்டில், காலணிகளுக்குப் பக்கத்தில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வருவோர் போவோருக்கு நடுவில் பால் கொடுக்கிறாள். மறையுரையும் நற்கருணை மன்றாட்டும் அவள் காதில் விழுவதில்லை. மூன்று நான்கு ஞாயிறுகள் இப்படிப் போனால் வீட்டிலேயே இருந்துவிடுகிறாள், அல்லது கோவிலுக்கு வர வசதியாகப் பிள்ளைக்குப் புட்டியைப் பழக்குகிறாள்.

சக்கிரீஸ்துக்குப் பக்கத்திலோ பின்பக்கத் தாழ்வாரத்திலோ ஒரு மூலையைத் திரையிட்டு, முதுகு சாய்க்கும் நாற்காலி இரண்டு, ஒரு மின்விசிறி, ஒரு குடம் தண்ணீர், திருப்பலி கேட்கும்படி ஓர் ஒலிபெருக்கி வைக்கலாம். பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருவர் எடுத்துச் சொன்னால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் வேலைதான். விரும்புகிற தாய் அங்கே போகட்டும், இருந்த இடத்திலேயே கொடுக்க விரும்புபவர் அங்கேயே கொடுக்கட்டும்.

அன்பியத்தில் யாருக்காவது பிள்ளை பிறந்திருந்தால், பார்க்கப் போகும்போது பால் பவுடர் டப்பாவும் கிரைப் வாட்டரும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு தூக்குச் சட்டியில் மீன் குழம்போ பருப்புக் குழம்போ கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளையின் துணி ஊறிக்கிடந்தால் அலசிப் போட்டுவிட்டு வாருங்கள். மூத்த பிள்ளையை மாலைவரை உங்கள் வீட்டில் விளையாட வைத்துக்கொள்ளுங்கள். கணவர்மாரே, இரவில் பிள்ளை அழும்போது முதலில் எழுந்து, தூக்கி, மனைவியின் பக்கத்தில் கொண்டுபோய்க் கிடத்துங்கள். பிள்ளை குடித்து முடித்த பிறகு தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடவைக்க உங்கள் கைகள் போதும்.